தூதன் செல்லும் வழி, தலைவன் செல்லும் வழி

சோளக்காட்டில் வாழும் ஒருவர் நாமக்கல்லுக்குச் செய்தி அனுப்ப விரும்பினால், தூதன் ஒருவனை அனுப்புகிறார். தூதன் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து காரவள்ளி அடிவாரத்தை அடைந்து, நாமக்கல்லுக்குப் போகிறான். அனுப்பியவரோ கொல்லிமலையிலேயே இருக்கிறார். தாம் நாமக்கல்லில் இருக்க வேண்டுமாயின், தாமே புறப்பட வேண்டும். இச்சிறு உண்மை மனத்தில் படாமையால், பேரறிஞர் சிலர் ஒருகால் திகைத்து நின்றனர். அவ்வரலாற்றை இன்று காண்போம்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் கணிப்பொறி இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அதில் நாம் தட்டெழுதும் கட்டளையைப் படித்து நிறைவேற்றுவது ஷெல் என்னும் நிரல். கட்டளைகளைக் கோப்பில் வரிசையாக எழுதி வைத்தாலும் ஷெல் அவற்றை ஒவ்வொன்றாக நிறைவேற்றும். ஆயினும் எல்லா வேலையையும் அது தானே அறிந்திருக்க வேண்டுவதில்லை. கோப்புகளைப் பட்டியலிட ஒரு நிரல், படியெடுக்க மற்றொரு நிரல் என வெளியே தனித்தனி நிரல்கள் உண்டு. பெயரைப் படித்து உரிய நிரலை ஏவுவதே ஷெல்லின் தொழில்.

இதன் பயன் யாது? ஷெல்லினுள் பதித்த தனிக்கட்டளை ஒவ்வொன்றும் ஒரு விதிவிலக்காகும். அதனைத் திருத்த வேண்டின் ஷெல்லையே திருத்த வேண்டும். வெளியே வைத்தாலோ, ஷெல்லைத் தொடாமலே மாற்றலாம். 1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில், வேறு வரிக்குத் தாவச் சொல்லும் 'கோடூ' கட்டளைகூட வெளி நிரலாகவே இருந்தது. கட்டளைக் கோப்பில் படிக்கும் இடத்தைக் காட்டும் குறி, ஷெல்லுக்கும் அது ஏவிய நிரலுக்கும் பொதுவானது. 'கோடூ' அக்குறியை நகர்த்திவிட்டு முடியும். ஷெல் புதிய இடத்திலிருந்து படிக்கும்.

அங்ஙனமாயின் எல்லாக் கட்டளைகளையும் வெளியேற்றிவிடலாமோ? இயலாது. ஷெல் எந்த அடைவில் நிற்கிறது என்பதை மாற்றும் 'சிஎச்டிர்' கட்டளை, தொடக்கத்தில் வெளி நிரலாகவே இருந்தது. பின்னர், ஒவ்வொரு கட்டளைக்கும் ஷெல் தனியொரு சேய்ச்செயலை ஈன்று அனுப்பும் 'ஃபோர்க்' முறையைப் புகுத்தினர். உடனே 'சிஎச்டிர்' பயனற்றுப் போயிற்று. பிழை எங்கே என்று நிரலை வரி வரியாகத் துருவிய பின்னரே உண்மை புலப்பட்டது. சேய்ச்செயல் தன் அடைவைச் செம்மையாக மாற்றிக்கொண்டு உடனே மறைந்தது. தாயாகிய ஷெல்லோ நின்ற இடத்திலேயே நின்றது. தூதன் நாமக்கல் சேர்ந்தான். தலைவர் சோளக்காட்டிலேயே இருந்தார்! ஆகவே அக்கட்டளையை ஷெல்லினுள்ளேயே வைத்தனர். அதன் வழிவந்த 'சிடி' இன்றும் அங்கேயே இருக்கிறது.

மாணவர்களே, கருவியை எளிமையாக்கப் புகுவோர் ஒவ்வொரு கட்டளையையும் நோக்கிக் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இதனைத் தூதன் செய்ய முடியுமா, அன்றித் தலைவனே செய்ய வேண்டுமா? முன்னது வெளியே செல்லலாம். பின்னது உள்ளேதான் இருக்க வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாது நீக்கினால், கருவி எளிதாகாது, ஊனமாகும்.