சிலை இல்லையென்றால் சாமி இல்லையா?

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், இன்றைய கலீசியா பகுதியில் வாழ்ந்த மக்களுக்குக் கடவுளே கிடையாது என்று சிலர் சொல்வதாக ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்கப் புவியியல் அறிஞர் அவர். ஸ்பெயின் பக்கமே போகாதவர். கையோடு கையாக, ஸ்பெயினின் வேறு சில மக்களைப் பற்றியும் சொல்கிறார்: பௌர்ணமி இரவுகளில் குடும்பம் குடும்பமாக வீட்டு வாசலுக்கு வந்து, பெயரில்லாத ஒரு தெய்வத்துக்காக விடிய விடிய ஆடுவார்களாம்.

கடவுள் இல்லை என்று சொல்லப்பட்ட அதே மண்ணில் பிற்காலத்தில் கிடைத்தவை வேண்டுதல் கற்கள். பண்டுவா, நாபியா, கோசு என்று உள்ளூர்த் தெய்வங்களின் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. போர்ச்சுகலின் பிராகா நகரில் நீரூற்றை ஒட்டிய பாறையிலேயே தெய்வ உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம். ரோமானியர் ஆட்சியோடு கல்லில் எழுதும் வழக்கம் பரவியது. அதுவரை வாய்ச்சொல்லில் வாழ்ந்த தெய்வங்கள் அப்போதுதான் வெளியாருக்குத் தெரிய வந்தன.

கிரேக்கரும் ரோமானியரும் ‘காட்டுமிராண்டி’ என்று அழைத்த பண்டைய இனங்கள் நாத்திகம் பேசினவா என்று கேட்டால், இல்லை என்று தயங்காமல் சொல்வேன். ரோமாபுரியில் இருந்துகொண்டு கிரேக்க மொழியில் எழுதிய ஏலியானுஸும் அதைத்தான் சொன்னார். தெய்வம் உண்டா, மனிதரைப் பொருட்படுத்துகிறதா என்று சந்தேகப்பட்டவர்கள் தியாகோரஸ், எபிகூரஸ் போன்ற கிரேக்கர்கள்தாம் என்கிறார். இந்தியரோ கெல்ட்டியரோ எகிப்தியரோ அப்படி நினைத்ததே இல்லை என்று அவர் பாராட்டுகிறார். அவர் கணக்கில் நாமும் காட்டுமிராண்டிகள்தாம். எழுத்தில் பதிவாகவில்லை என்பதாலேயே அந்த மக்களிடையே ஐயப்பட்டவர் ஒருவர்கூட இல்லை என்றாகிவிடாது என்று வாதிடுவோர் உண்டு. இருந்திருக்கலாம். ஒரு இனமே அப்படி இருந்ததற்குச் சான்று இல்லை.

பிறகு ஏன் இந்தப் பழி வந்தது? கோயிலும் சிலையும் இல்லாத இடத்தில் தெய்வமும் இல்லை என்ற பார்வையால் வந்தது. சிலை வைக்காத முதல் கிறிஸ்தவர்களையும் ரோமானியர் நாத்திகர்கள் என்றுதான் ஏசினார்கள்.

ஜெர்மானியரைப் பற்றி ஜூலியஸ் சீசர் எழுதியதைப் பாருங்கள். சூரியன், நெருப்பு, நிலா என்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கும்பிடுகிறார்கள், வேறு தெய்வங்களைக் கேள்விப்பட்டதுகூட இல்லை என்று முடித்துவிட்டார். ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழித்து, கி.பி. 98இல் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியது முற்றிலும் வேறு. தெய்வத்தைச் சுவருக்குள் அடைப்பதும் மனித முகம் கொடுப்பதும் அதன் பெருமைக்குக் குறைவு என்று ஜெர்மானியர் கருதினார்கள். காடுகளையும் தோப்புகளையும் அதற்கென்றே ஒதுக்கினார்கள் என்கிறார். ஜெர்மானிய இனங்களில் ஒன்றான செம்னோனியரின் புனிதத் தோப்புக்குள் நுழைகிறவர் கயிற்றால் கட்டுண்டுதான் போக வேண்டும். உள்ளே தடுக்கி விழுந்தால் எழுந்து நடக்கக் கூடாது, தரையில் உருண்டே வெளியே வர வேண்டும்.

வடக்கே நெர்துஸ் என்ற பூமித்தாய். தீவுத் தோப்பில் துணி போர்த்திய வண்டி. அதைத் தொடும் உரிமை பூசாரி ஒருவருக்கே. அம்மன் வந்துவிட்டாள் என்று அவர் உணர்ந்ததும் பசுக்களைப் பூட்டி ஊர் ஊராக ஓட்டுவார்கள். அவள் உலா வரும் நாட்களில் போர் கிடையாது. இரும்பு ஆயுதம் எல்லாம் பூட்டுக்குள். திரும்பியதும் வண்டியை ஏரியில் கழுவுவார்கள். கழுவிய அடிமைகளை அந்த ஏரியிலேயே மூழ்கடித்துவிடுவார்கள். டென்மார்க்கின் டெய்பியர்க் சதுப்பில் 1880களில், பிரித்துப் போட்ட நிலையில் இரண்டு அலங்கார வண்டிகள் கிடைத்தன. பயணத்துக்கான வண்டியை யாரும் பிரித்துச் சதுப்பில் போட மாட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. இவ்வளவையும் நமக்குச் சொன்னவர்கள் அந்த மக்கள் அல்லர். சீசர் அவர்களோடு போரிட்டவர், டாசிட்டஸ் ரோமானிய அதிகாரி. நெர்துஸுக்கு என்ன பாடினார்கள், ஏரியில் இறங்கிய அடிமை எதை நம்பினான் என்று அறிய வழியே இல்லை. கெல்ட்டியரின் பூசாரிகளான ட்ரூயிட்களிடம் பயிலச் சிலருக்கு 20 ஆண்டுகள் பிடித்ததாகச் சீசரே எழுதுகிறார். அத்தனையும் மனப்பாடச் செய்யுள். கணக்கு வழக்குக்குக் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தியவர்கள், சமய ஞானத்தை மட்டும் எழுதக் கூடாது என்று வைத்திருந்தார்கள். இன்று ஒரு செய்யுள்கூட எஞ்சவில்லை. ஒரு மனிதரின் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்ட கல்வி அப்படியே போய்விட்டது. வாய்மொழியில் மட்டும் நிற்கும் எந்தச் சமயத்துக்கும் இந்தக் கதி வரலாம். சொல்கிறவர்கள் போன பிறகு, ‘அவர்களுக்குச் சாமி இல்லை’ என்று யாரோ எழுதும் ஒரு வரிதான் மிஞ்சும்.

கி.பி. 60 வாக்கில் ரோமானியப் படை வேல்ஸை ஒட்டிய மோனா தீவில் இறங்கியது. கைகளை வானுக்கு உயர்த்திச் சபித்து நின்ற ட்ரூயிட்களைக் கொன்று, புனிதத் தோப்புகளை வெட்டிச் சாய்த்தது. இன்று அந்தத் தீவின் பெயர் ஆங்கிள்சீ. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே விமானத் தளத்துக்காகச் சதுப்பு மண்ணை அள்ளினார்கள். இரும்புச் சங்கிலி ஒன்று அகப்பட்டது. சேற்றில் சிக்கிய வண்டிகளை இழுக்க அதையே பயன்படுத்தினார்கள். அடிமைகளைக் கழுத்தோடு கழுத்தாகப் பிணைக்கும், 2,000 ஆண்டுப் பழைய சங்கிலி அது. தொடர்ந்து வாள், ஈட்டி, தேர் உறுப்பு என்று 150க்கும் மேற்பட்ட பொருள்கள் வெளிவந்தன. எல்லாம் அங்கிருந்த ஏரிக்குக் காணிக்கையாக எறியப்பட்டவை என்பது ஆய்வாளர்களின் முடிவு. எந்தத் தெய்வத்துக்கு என்று அவற்றில் ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை.