புதிய மென்பொருளும் தபால் நிலைய ஊழியரும்

1957ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1ஆம் தேதி நமது நாட்டில் தசாம்ச நாணய முறை அமலுக்கு வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்று கணக்கிட்டு வந்த தபால் நிலைய எழுத்தர்கள், அன்று முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று கணக்கிட வேண்டியதாயிற்று. நாலணாவுக்கு 25, எட்டணாவுக்கு 50 என்பதில் சிக்கல் ஏதுமில்லை. ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்பதில்தான் தொல்லை. அந்தக் காலைத் தள்ளுவதா, சேர்ப்பதா என்று ஜன்னலுக்கு இருபுறமும் வாதம் எழ இடமிருந்தது. ஆயினும் அம்மாற்றத்தில் ஒரு பெரிய சௌகரியமும் இருந்தது. பழைய நாணயங்கள் ஒரே நாளில் செல்லாதவையாகிவிடவில்லை. சில ஆண்டுகள் புதியவற்றோடு சேர்ந்தே புழங்கின. ஊழியரின் கை பழகும்வரை பழைய முறையும் உடன் நின்றது.

கணிப்பொறி மென்பொருள் மாறும்போது இந்தச் சௌகரியம் கிடைப்பதில்லை. வாரக் கடைசியில் ஒரு திரை மூடப்படுகிறது. திங்கட்கிழமை காலையில் வேறொரு திரை திறக்கிறது. இரண்டும் அருகருகே ஓடினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். ஆகவே நாணய மாற்றத்தில் பின்னால் கிடைத்த அவகாசத்தை, மென்பொருள் மாற்றத்தில் முன்னாலேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஊழியர் புதிய முறையை ஏற்பதும் வெறுப்பதும் பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது எனலாம்.

இதற்கு அண்மைக்கால உதாரணம் தபால் இலாகாவிலேயே உண்டு. மைசூரிலுள்ள தபால் தொழில்நுட்பச் சிறப்பு மையம் தயாரித்த ஏ.பி.டி. என்னும் புதிய மென்பொருள், முதலில் கர்நாடக வட்டத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டு, பின்னர் வட்டம் வட்டமாக விரிவாக்கப்பட்டது. 2025 ஆகஸ்டு 4ஆம் தேதியுடன் நாட்டின் சுமார் 1.65 லட்சம் தபால் நிலையங்களும் இதன்கீழ் வந்தன. கடிதத்தைப் பதிவு செய்வது முதல் வாடிக்கையாளர் கையில் சேர்ப்பது வரை எல்லாம் இதில் ஒரே தொடராக நடைபெறுகின்றன. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்டு உறுதி செய்துகொண்டு பொருளை ஒப்படைக்கவும், கட்டணத்தைக் கட்டக்குறி மூலம் பெறவும் வசதி செய்யப்பட்டுள்ளது. மாற்றத்தை முன்னிட்டு 4.6 லட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டதாக இலாகா அறிவித்தது. முதலில் தலைமைப் பயிற்சியாளர்கள், அவர்களிடம் கற்று ஒவ்வொரு பகுதியிலும் துணை நிற்கும் சக ஊழியர்கள், அவர்களிடமிருந்து மற்றவர்கள் என்று படிப்படியாகப் பயிற்சி இறங்கியது. மாற்றத்தின் பொருட்டு ஒரு நாள் கொடுக்கல் வாங்கலே நிறுத்தப்பட்டது. அது போதாதென்று, அதே ஆண்டு பதிவுத் தபால் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டது. ஒரு மாற்றம் ஆறுமுன் இன்னொன்றை ஊழியர் தோளில் ஏற்றுவது உசிதமா என்ற கேள்வி இங்கே நியாயமாகவே எழுகிறது.

சக ஊழியரைக் கொண்டு கற்பிக்கும் முறைக்கு விஞ்ஞான ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய மக்காச்சோள விதை பரவிய விதத்தை ரயன், கிராஸ் என்னும் இரு சமூகவியலார் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டனர். 259 விவசாயிகளை விசாரித்ததில், விதையைப் பற்றிய செய்தியைப் பலருக்கு முதலில் கொண்டுவந்தவர் விற்பனையாளர் என்று தெரிந்தது. ஆனால் அதை விதைத்துத்தான் பார்ப்போம் என்ற துணிவைத் தந்தவர் பக்கத்து நிலத்துக்காரரே. அப்பொழுதும் பெரும்பாலோர் எடுத்த எடுப்பில் முழு நிலத்திலும் விதைத்துவிடவில்லை. ஓரத்தில் ஒரு சிறு பாத்தியில் போட்டுப் பார்த்தே ஆண்டுக்காண்டு பரப்பைக் கூட்டினர். கிராம சேவையில் ஈடுபட்டிருப்போருக்கு இது புதுச் செய்தியன்று. தபால் ஊழியருக்கு அந்தச் சிறு பாத்தி எது? பொய்ப் பெயரும் பொய்த் தொகையும் இட்டு, தவறு செய்தாலும் எவர் கணக்கும் கெடாதபடி அமைந்த பயிற்சித் திரைதான். சொற்பொழிவு கேட்கும் ஒரு முழு நாளைவிட, அத்திரையில் தினம் அரைமணி வீதம் பத்து நாள் தாமே தட்டிப் பார்ப்பது பயன் மிகுந்தது என்பது நமது கருத்து.

இனி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே அமைந்த மூணாறுக்கு வருவோம். மென்பொருள் ஒன்றே, ஆனால் அது இறங்கும் இடம் ஒன்றல்ல. இங்கே தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர் தமிழர். மாநில மொழி மலையாளம். மேலிடத்துச் சுற்றறிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகின்றன. ஜன்னலில் இருப்பவர் ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்லி, சந்தேகத்தை மலையாளத்தில் கேட்டுத் தெளிய வேண்டியவராகிறார். கிளைத் தபால் நிலையங்களின் நிலை இன்னும் கடினம். கிராமத் தபால் ஊழியரின் வேலை நேரம் நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மணி. பல இடங்களில் அவர் தனியாளாக இருக்கிறார். தட்டுத் தடுமாறினால் திரும்பிக் கேட்கப் பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை. பயிற்சி பெற்ற சக ஊழியர் முதல் இரண்டு வாரமாவது இத்தகைய நிலையங்களுக்கு நேரில் சென்று உடனிருந்தாலொழிய, மேலிருந்து இறங்கி வந்த பயிற்சி கடைசிப் படியில் நின்றுவிடும்.

ஊழியர் மனத்தில் இன்னோர் அச்சமும் உண்டு: இத்தனை காலம் சேர்த்த அனுபவ அறிவு இனிச் செல்லாக் காசாகிவிடுமோ என்பதே அது. முகவரி விஷயத்தை எடுத்துக்கொள்வோம். மூணாறுக்குரிய அஞ்சல் குறியீட்டு எண் 685612. அதன்பின் எஸ்டேட்டின் பெயர், டிவிஷன், லயம் என்று முகவரி போகிறது. ஒரே லயத்தில் ஒரே பெயருடையோர் இருவர் இருந்தாலும், கடிதம் யாருக்கு என்று தபால்காரர் அறிவார். 2025 மே மாதம் இலாகா வெளியிட்ட டிஜிபின் என்னும் முறையோ, நாட்டின் நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் பதினாறாகப் பிரித்து, அப்படியே பத்து முறை செய்தால், கடைசிக் கட்டம் சுமார் நான்கு மீட்டர் சதுரமாகச் சுருங்குகிறது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு எழுத்தோ எண்ணோ வீதம் பத்துக் குறிகளில் ஓர் இடம் அடங்கிவிடுகிறது. இதை வகுப்பறையில் ஒரு தாளை மடித்து மடித்தே ஆசிரியர்கள் விளக்கிக் காட்டலாம்.

கணிதம் இவ்வளவு துல்லியமாயினும், மலைச்சரிவில் சாதாரணக் கைப்பேசி தன் இருப்பிடத்தை அறிவதில் சில மீட்டர் பிசகு நேருகிறது. லயத்தில் அடுத்த வீட்டுக் கதவு அந்தப் பிசகுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே கட்டத்தின் குறி லயத்தைக் காட்டும். கதவைக் காட்டுபவர் தபால்காரரே. பயிற்சியில் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அச்சத்தில் பாதி குறைந்துவிடும்.

இப்பகுதியில் ஊழியர் முதலில் கேட்பது, மென்பொருள் என்னென்ன செய்யும் என்பதன்று; சமிக்ஞை அறுந்தால் நான் என்ன செய்வது என்பதே. அக்கேள்வி வீண் சாக்கல்ல. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது உயிர்களைக் கொண்டுபோனபோது, தகவல் தொடர்பு அற்றிருந்ததனால் அச்செய்தியே வெளியே வரத் தாமதமாயிற்று. கைப்பேசிக்குக் கடவுச்சொல் வந்து சேராவிட்டால் பொருளை எவ்வாறு ஒப்படைப்பது? தொழிலாளி சேமிப்புக் கணக்கில் கட்ட வந்த பணத்துக்கு எந்தக் காகிதத்தில் ரசீது தருவது? இணைப்பு திரும்பியதும் எந்த வரிசையில், எந்தத் தேதியிட்டுப் பதிவு செய்வது? தோட்ட வேலை முடிந்து மாலையில் வரும் தொழிலாளியை ‘நாளை வா’ என்று அனுப்பினால் அவருக்கு ஒரு நாள் கூலியே போய்விடக்கூடும். இவற்றுக்கான விடைகள் ஒரே பக்கத்தில், தமிழிலும் மலையாளத்திலும் அச்சிடப்பெற்று, புதிய திரை திறக்கும் முதல் நாளிலேயே ஒவ்வொரு கிளை நிலையத்தின் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அதன் அடியில், கூப்பிட்டால் எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் தொலைபேசி எண்ணும் இருத்தல் வேண்டும்.