குளிர்ந்த வீடும் குறைந்த மின்செலவும்

கோடையில் செங்கற் சுவரும் கான்கிரீட் கூரையும் பகலெல்லாம் வெயிலை ஏற்று, இரவில் அவ்வெப்பத்தை அறைக்குள் விடுகின்றன. வீட்டைக் கட்டும்போது நேர்ந்த பிழைக்கு, அதில் வாழ்வோர் ஆண்டுதோறும் மின்கட்டணமாகத் தண்டம் செலுத்துகின்றனர்.

இந்நிலையை மாற்றும் நோக்குடன் இந்தியத் தொழிற் கூட்டமைப்பு 2001ஆம் ஆண்டில் ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியப் பசுமைக் கட்டடக் கழகத்தை அமைத்தது. கட்டடக் கலைஞர், பொறியாளர், பொருள் உற்பத்தியாளர், வீடு கட்டி விற்போர் ஆகியோர் இதில் ஒன்றுகூடினர். கழகம் செயல்படும் 20,000 சதுர அடிக் கட்டடமே அவர்களுடைய முதற் பாடநூலாயிற்று. அங்கே காற்றுக் கோபுரங்கள் உட்புகும் காற்றைக் குளிர்விக்கின்றன. கூரைத் தோட்டம் வெயிலைத் தடுக்கின்றது. 'லீட்' என்னும் அமெரிக்க மதிப்பீட்டு முறையின் மிக உயர்ந்த பிளாட்டினம் தரத்தை அது 2003இல் பெற்றது. குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 2004 ஜூலையில் அதனைத் திறந்து வைத்தார்.

அலுவலகங்களோடு கழகம் நின்றுவிடவில்லை. 2008இல் நம் நாட்டு வீடுகளுக்கெனத் தனி மதிப்பீட்டு முறையை வகுத்தது. தேர்வு நடத்தி வல்லுநர்களுக்குச் சான்றளித்தது, நகரங்கள்தோறும் கிளைகள் தோன்றின, மாணவர்களும் சேர்ந்தனர்.

எனினும் மதிப்பீடு பெறுவது உரிமையாளரின் விருப்பமே. ஆகவே அரசின் விதியும் தேவைப்பட்டது. மத்திய மின்சார அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா', குடியிருப்புகளுக்கு வெப்ப வரம்பு விதித்தது. குளிர்ப் பிரதேசங்கள் நீங்கலான பகுதிகளில், கூரை தவிர்த்த வெளிப்புறப் பரப்பின் வழியே உட்புகும் வெப்பம், சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டை மிஞ்சலாகாது. எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம், 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின் இணைப்புள்ள பெரிய குடியிருப்புகளையும் விதிமுறைகளின் எல்லைக்குள் கொணர வழிவகுத்தது.

ஒரு குடும்பம் தனியே கட்டும் சிறு வீடு இவ்வரம்புக்கு வெகு கீழே நிற்கின்றது. அவ்வீட்டின் கதியை முடிவு செய்பவர் உரிமையாளரும் கொத்தனாருமே. மேற்குச் சுவரில் பெரிய சன்னல்களைத் தவிர்த்தல், சன்னலுக்கு மேல் போதிய வெயில் மறைப்பு அமைத்தல், மொட்டைமாடிக்கு வெண்மை பூசுதல், எதிரெதிரே காற்றுவழி விடுதல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. கழகம் திரட்டிய அறிவு கொத்தனாரின் கரணை வரை சென்று சேரும்போதுதான் அதன் பணி நிறைவுறும்.