புள்ள யாருகிட்ட?

திருத்தணி அடிவாரத்தில் விடிகாலையில் நின்றால், சந்தனம் பூசிய சின்னஞ்சிறு தலைகளாகவே கண்ணில் படும். முதல் முடி இறக்கிய பிள்ளைகள். ஒன்பது மாதம், பதினொரு மாதம், ஒன்றேகால் வயது. அழுது ஓய்ந்த முகத்தோடு தாய்மாமன் தோளில் சாய்ந்திருக்கும் சில. வேறு சில, கீழே விடச் சொல்லிக் காலை உதறும். விட்டால் நாலு எட்டு வைத்துப் பொத்தென்று உட்காரும். மறுபடி எழுந்து, எங்கே தண்ணீர் பளபளக்கிறதோ அந்தப் பக்கமாகவே நடக்கும்.

கூட வந்தவர்களுக்குக் குறைவில்லை. ஒரு வேனில் பதினைந்து பேர் இருப்பார்கள். ஆனால் இந்த நிமிஷத்தில் பிள்ளை யாரிடம் என்று கேட்டால், பதினைந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பாட்டியிடம் இருக்கிறது என்ற நினைப்பில் அம்மா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருப்பாள். அம்மாவிடம் இருக்கிறது என்ற நினைப்பில் பாட்டி அர்ச்சனைத் தட்டுக்குத் தேங்காய் எடுத்து வைத்துக்கொண்டிருப்பாள். அப்பா வேன் டிரைவருக்குப் போன் போட்டபடி இருப்பார். யாரும் அசட்டையானவர்கள் இல்லை. அந்தப் பிள்ளைக்காகத்தான் அத்தனை பேரும் கிளம்பி வந்திருக்கிறார்கள்.

வெளியூர் போன இடத்தில் குழந்தைகளும் தண்ணீரும் என்று பேச்செடுத்தால், கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டும் அதன் நீலக் குளமும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அதற்கும் வருகிறேன். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு முதல் வெளியூர்ப் பயணம் கோயிலுக்குத்தான். மொட்டைக்கும் காது குத்துக்கும்தான். சென்னையிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் வருகிறார்கள். நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கமிருந்தும் வருகிறார்கள். 1960 ஏப்ரல் 1-ம் தேதி வரை ஆந்திராவில் இருந்த ஊர் இது. எல்லை மாறினாலும் தணிகை முருகனுக்கு நேர்ந்துகொள்வது அந்தப் பக்கம் நிற்கவில்லை. அறநிலையத்துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்கு 2021 முதல் கட்டணமும் கிடையாது. வரும் பிள்ளைகளில் பலருக்கு ஒரு வயது முன்னே பின்னே இருக்கும். தண்ணீர் விஷயத்தில் மிகவும் பயப்பட வேண்டிய வயது தொடங்குவதும் அப்போதுதான்.

2024 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், நீரில் மூழ்குதல் தடுப்பு பற்றிய தன் முதல் உலக நிலை அறிக்கையை வெளியிட்டது. 2021-ம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகளின் மரணத்துக்கான காரணங்களில் நான்காவது இடத்தில் நிற்கிறது இது. தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக பீரோவில் வைத்திருக்கும் வீட்டில்கூட இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

என் அக்கா பேரனுக்கு மொட்டை போட வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அடிவாரத்தில் ஒரு தங்கும் விடுதி. எதிரெதிரே இரண்டு அறை எடுத்திருந்தோம். தண்ணீர் எப்போது நிற்குமோ என்று குளியலறையில் இருந்த பெரிய வாளியை யாரோ விளிம்பு வரை பிடித்து வைத்திருந்தார்கள். இரண்டு அறைக் கதவும் திறந்து கிடந்தது. பெண்கள் பூக்கட்டிக்கொண்டும், ஆண்கள் மறுநாள் எத்தனை மணிக்கு மலையேறுவது என்று பேசிக்கொண்டும் இருந்தோம். பிள்ளைக்குப் பதினாலு மாதம். சொம்பு எடுக்க உள்ளே போன அக்கா போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. தலை வாளிக்குள்ளே, கால் இரண்டும் மேலே. தூக்கியதும் இருமினான், கக்கினான், வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டு நாங்கள் எல்லோரும் அழுதோம். எனக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. ஒரு சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

வாளி ஏன் கவிழவில்லை என்று அன்று இரவெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தேன். கணக்கு எளிமையானது. 10 லிட்டர் தண்ணீர் 10 கிலோ. ஒரு வயதுப் பிள்ளையின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். பிள்ளை விளிம்பைப் பிடித்து எக்கினாலும் நிறைந்த வாளி அசையாது. தூண் மாதிரி நிற்கும். அந்த வயதில் உடம்பின் பாரம் தலைப் பக்கம்தான். உள்ளே மிதக்கும் சொம்பை எடுக்கக் குனிந்தால் தலை முன்னே போய்விடும், கால் தரையை விட்டு எழும்பிவிடும். திரும்ப நிமிர்த்தும் பலம் அந்தக் கைகளுக்கு இல்லை. மூக்கும் வாயும் மூழ்கும் அளவுக்கு, நாலு விரற்கடை தண்ணீர் இருந்தால் போதும்.

சத்தம் கேட்கவில்லை என்றேனே, அதற்கும் காரணம் உண்டு. மூழ்குகிறவர்கள் கையைக் காலை அடித்துக்கொண்டு ‘காப்பாத்துங்க’ என்று கத்துவதை நமக்குக் கற்றுக்கொடுத்தது சினிமா. அமெரிக்க உயிர்காப்பாளர் பிராங்க் பியா, கடற்கரையில் மூழ்கியவர்களின் படப்பதிவுகளைப் பார்த்து எழுதியது வேறு. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எழும்பாது. கையசைத்துக் கூப்பிடவும் முடியாது. கை தன்போக்கில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். இருபதிலிருந்து அறுபது வினாடிக்குள் ஆள் உள்ளே போய்விடுவார். கைக்குழந்தைக்கு அந்தப் போராட்டமும் இல்லை. ஆகவே, ‘பக்கத்துலதான் இருக்கோம், கத்தினா கேக்கும்’ என்ற நம்பிக்கையை முதலில் கைவிட வேண்டும்.

அறையைவிட்டுக் குளத்துக்கு வருவோம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வந்தவர்களுக்குத் தெரியும், பரணியிலிருந்தே ஊர் நிறைந்துவிடும். மஞ்சள் வேட்டி, புஷ்பக் காவடி, ‘அரோகரா’ முழக்கம். மலையடிவாரத்தில் சரவணப் பொய்கை, அங்கே தெப்பம். நீராடிவிட்டுத்தான் படியேறுவார்கள், 365 படி. அந்த நெரிசலில் குளத்துப் படியில் ஒரு வயதுப் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு ஒருவர் முங்கி எழுவதை நானே பார்த்திருக்கிறேன். முங்கி எழ ஐந்து வினாடி. முகத்தைத் துடைத்து, கண்ணைத் திறந்து, மலையைப் பார்த்துக் கும்பிட இன்னொரு பத்து வினாடி. எந்தக் கோயில் குளத்திலும் நீர் மட்டத்துப் படியில் பாசி இருக்கும். பெரியவர் காலே அங்கே வழுக்கும். கையில் பிள்ளையோடு வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையைக் குளத்தில் இறக்காமல், ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு வந்து மேலே வைத்துத் தலையில் தெளித்தாலும் அது பொய்கைத் தீர்த்தம்தான். முருகன் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டான்.

அந்தப் பொய்கையின் கதையை நினைத்துப் பாருங்கள். சிவனின் நெற்றிக்கண்ணிலிருந்து புறப்பட்ட பொறிகள் நாணல் சூழ்ந்த சரவணப் பொய்கையில் தாமரை மேல் ஆறு குழந்தைகளாயின. நீரின் மேல் ஆறு பச்சிளங் குழந்தைகள். அவர்களை எடுத்து வளர்க்க வந்த கார்த்திகைப் பெண்கள் எத்தனை பேர்? ஆறு பேர். பிள்ளைக்கு ஒருத்தி. ஆறு பிள்ளைகளையும் ஆறு பேரும் பொதுவாகப் பார்த்துக்கொண்டதாக யாரும் நமக்குக் கதை சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான் என்றாலும், அக்கா பேரனை வாளியிலிருந்து தூக்கிய பிறகுதான் இந்தக் கணக்கு எனக்கு உறைத்தது. கிருத்திகை நாள் அந்த ஆறு பெண்களின் நாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. தண்ணீர் இருக்கும் இடத்தில் பிள்ளையை ஒருவர் விட்டுப் போவதென்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “புள்ள உங்கிட்ட.” வாங்கிக்கொள்பவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “சரி, எங்கிட்ட.” பதில் வராதவரை கொடுத்தவர் கையைவிட்டுப் பிள்ளை போகவில்லை என்று அர்த்தம். வாங்கியவர் போனைத் தொடக்கூடாது, அரட்டையில் இறங்கக்கூடாது, கை எட்டும் தூரத்தை விட்டு நகரக்கூடாது. பத்து வயது அக்காவிடமோ அண்ணனிடமோ இதை ஒப்படைக்கக் கூடாது. அது பிள்ளை தலையில் வைக்கும் பாரம். நம் பக்கத்து வேனில் வந்த தெலுங்குக் குடும்பமும் இதையே “பாபு எவரி தக்கர உன்னாடு?” என்று கேட்டுக்கொள்ளலாம்.

இனி அந்த நீலக் குளம். சாமி கும்பிட்டுவிட்டு, வந்ததோடு வந்தோம் என்று கைலாசகோனா அருவிக்குப் போகிறவர்கள் உண்டு. ஒருநாள் தங்கலாம் என்று நீச்சல் குளம் உள்ள ஓட்டலில் அறை எடுப்பவர்களும் உண்டு. அறை பதியும்போது ஏ.சி. இருக்கிறதா, காலை டிபன் உண்டா என்று கேட்கும் நாம், குளத்தைச் சுற்றி நாலு பக்கமும் வேலி இருக்கிறதா, கதவு தானாகச் சாத்திக்கொள்ளுமா என்று கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளத்துக்கே 1.2 மீட்டர் உயரத்துக்குக் குறையாத வேலியும், தானே மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் சட்டப்படி கட்டாயம். பிரான்சில் குளப் பாதுகாப்புக்கு 2003-ல் சட்டம் வந்தது. நாலாவது பக்கமும் வேலி இருக்க வேண்டியது ஏன் என்றால், பிள்ளைகள் குளத்துக்குள் போவது பெரும்பாலும் குளிக்கும் நேரத்தில் இல்லை. குளித்து முடித்துத் தலை துவட்டி, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு, அறையின் பின்கதவு வழியே தனியாகப் போகிறார்கள். மிதக்கவிட்ட பொம்மையைத் தண்ணீரிலேயே விட்டு வந்திருந்தால் அதைத் தேடிப் போகிறார்கள்.

காற்றடைத்த கைப்பட்டை, இடுப்பு வளையம் எல்லாம் விளையாட்டுச் சாமான்கள். காற்று இறங்கும், நழுவும், வளையம் குப்புறக் கவிழும். கைக்குழந்தையின் கழுத்தில் மாட்டும் மிதவையைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022 ஜூனில் எச்சரிக்கை விடுத்தது. இங்கே ஆன்லைனில் அதே சாமானை அழகான படத்தோடு விற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. நீச்சல் கற்றுக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் நீந்தத் தெரிந்த மூன்று வயதுப் பிள்ளையும் மூன்று வயதுப் பிள்ளைதான்.

எல்லாம் மீறி நடந்துவிட்டால்? நம் ஊரில் முதலில் செய்வது காலைப் பிடித்துத் தலைகீழாக உலுக்குவது, அல்லது வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது. இரண்டும் கூடாது. போன நேரம் போக, வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழலை அடைக்கும். நுரையீரலில் காற்று போய்ச் சேர வேண்டும், அதுதான் அவசரம். நாலைந்து நிமிடத்துக்கு மேல் பிராணவாயு இல்லாவிட்டால் மூளை கெடத் தொடங்குகிறது. சமதரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் முகவாயை லேசாக நிமிர்த்தி, முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். ஒரு வயதுக்குள் என்றால் பிள்ளையின் மூக்கையும் வாயையும் சேர்த்து நம் வாயால் மூடி ஊத வேண்டும், மார்பு மேலெழும் அளவுக்கு மட்டும். பிறகு நடுமார்பை அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்குமாறு வேகமாக 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, மறுபடி 30. கைக்குழந்தைக்கு மார்பை இரு கைகளால் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்களால் அழுத்தலாம். நடக்கும் பிள்ளைக்கு ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி போதும். கூட இருப்பவர் 108-ஐக் கூப்பிடட்டும். பிள்ளை கண் திறந்து அழுதுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். நுரையீரலில் புகுந்த தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் தொல்லை தரும். இதைப் படித்து மட்டும் செய்துவிட முடியாது. ஒரு முறையாவது பொம்மையின் மேல் கையை வைத்துப் பழக வேண்டும்.

மறுபடி தடுப்பதற்கு வருவோம். வங்கதேசத்தில் வீட்டைச் சுற்றிலும் குட்டைகள். அம்மா சமையலிலும் வயல் வேலையிலும் இருக்கும் காலை நேரத்தில்தான் பிள்ளைகள் அதிகம் மூழ்குகிறார்கள் என்று கண்டுபிடித்து, கிராமம் கிராமமாக ‘ஆஞ்சல்’ என்ற பகல்நேரக் காப்பகங்களைத் திறந்தார்கள். பயிற்சி பெற்ற ஒரு பெண், ஒரு அறை, அந்தச் சில மணி நேரம். சாவு வெகுவாகக் குறைந்தது. ஆஞ்சல் என்றால் முந்தானை. மேற்கு வங்கத்துச் சுந்தரவனக் கிராமங்களிலும் ‘கவச்’ என்ற பெயரில் இதைச் செய்து பார்க்கிறார்கள். நம்மிடம் அங்கன்வாடி இருக்கிறது, அடித்தளம் தயார்.

திருத்தணியில் செய்ய வேண்டியதும் பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. மொட்டை போட்ட பிள்ளையைக் குளிப்பாட்டக் குளத்தங்கரையை விட்டுத் தள்ளி, குழாயும் தடுப்பும் உள்ள ஒரு மேடை. விடுதிக் குளியலறையில் வெளிப்பக்கம், பெரியவர் தோள் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். திருவிழா நாளில் படித்துறையோரம் முதலுதவி பழகிய இரண்டு பேர். திருவண்ணாமலை தீபத்துக்கு வரும் குழந்தைகளின் கையில் தொலைபேசி எண் எழுதிய பட்டையைப் போலீஸார் கட்டிவிடுகிறார்கள். இங்கேயும் அதைக் கட்டும்போது, “புள்ள யாருகிட்ட இருக்கப் போகுது?” என்று ஒரு வார்த்தை கேட்கலாம். ஐ.நா. அறிவித்திருக்கும் நீரில் மூழ்குதல் தடுப்பு நாள் ஜூலை 25. ஒவ்வொரு வருஷமும் அது ஆடி மாதத்தில்தான் விழும். காணாமல் போன பிள்ளைகளைத் தேடி அறிவிக்கும் அதே ஒலிபெருக்கியில், தமிழிலும் தெலுங்கிலும் நாலு வரி சொன்னால் எத்தனை வேன்களுக்குப் போய்ச் சேரும்!

அக்கா பேரன் இப்போது இரண்டாம் வகுப்பு. போன கிருத்திகைக்கு அவன் தங்கைக்கு முடி இறக்க மறுபடி திருத்தணி போனோம். விடுதி அறையைத் திறந்ததும் அக்கா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் போனாள். யாரோ நிறைத்து வைத்துவிட்டுப் போயிருந்த வாளியைச் சாய்த்துக் கொட்டி, கவிழ்த்து வைத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகுதான் திரும்பி, இடுப்பில் பிள்ளையோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

“எங்கிட்ட” என்றேன்.