மண்புழு ஓடும் லண்டன்

கம்பெனி பஸ்ஸைக் கோழியாக வரைந்திருந்தாள் அந்தச் சிறுமி. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் ஊரான தாமலில், போன அரைப்பரீட்சை லீவில், என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வரைந்த படம். இறக்கையை விரித்து நிற்கிறது ஒரு பெட்டைக்கோழி. இறக்கைக்கடியில் குஞ்சுகள் இல்லை. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

"பஸ்ஸு எப்படிம்மா கோழியாச்சு?" என்று கேட்டேன்.

"இருட்டோட வந்து அம்மாவ ஏத்திக்கினு போவுது மாமா. அப்புறம் பத்திரமா கொண்டாந்து வுட்டுடுது. கோழி மாதிரிதான?" என்றாள். கேட்ட என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மறுபடியும் இறகுக்குக் கோடு போட ஆரம்பித்துவிட்டாள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு எங்கள் வட்டாரத்துப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ்களை எத்தனையோ வருஷமாக நானும் பார்க்கிறேன். ஒரு நாளும் எனக்கு அது கோழியாகத் தெரிந்ததில்லை. அன்றைக்குத் திண்ணையில் கூடியிருந்த பிள்ளைகளிடம் நான் காட்டிய புத்தகம்தான் அவள் கையைத் திறந்துவிட்டது. புத்தகத்தின் பெயர் 'தி லண்டன் ஜங்கிள் புக்'. சென்னையின் தாரா புக்ஸ் 2004இல் வெளியிட்டது. வரைந்தவர் பஜ்ஜு சியாம். மத்தியப் பிரதேசத்தில், நர்மதை பிறக்கும் அமர்கண்டக் மலைப்பக்கம், பாட்டன்கட் என்ற ஊரைச் சேர்ந்த கோண்டு ஓவியர்.

2002இல் லண்டன் இஸ்லிங்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களுக்கு ஓவியம் தீட்ட அவரையும் ராம் சிங் உர்வேதி என்ற இன்னொரு கோண்டு ஓவியரையும் அழைத்தார்கள். இரண்டு மாத வேலை. முதல் விமானப் பயணம், முதல் வெளிநாடு, தெரியாத மொழி. திரும்பி வந்தவர் தான் பார்த்த லண்டனை வரைந்தார். அதுதான் இந்தப் புத்தகம்.

ஒவ்வொரு படமாகச் சொல்ல ஆசைதான். சிலதை மட்டும் சொல்கிறேன். விமானம் மேலெழும்புவது அவருக்கு யானை பறப்பது போல இருந்திருக்கிறது. அத்தனை கனம் எப்படி ஆகாயத்தில் நிற்கும் என்ற மலைப்பு அந்தப் படம் முழுக்க இருக்கிறது. பூமிக்கடியில் ஓடும் ரயில் ஒரு பெரிய மண்புழு. இங்கிலீஷ் எழுத்து படிக்கத் தெரியாதவருக்கு லண்டனில் நம்பிக்கையான துணை 30ஆம் நம்பர் பஸ், அது நாயாகிவிட்டது. பகலெல்லாம் வாய் திறக்காத ஆங்கிலேயர்கள் அந்தி சாய்ந்ததும் மதுக்கடைகளில் கூடிக் கலகலக்கிறார்கள். அவர்களை வௌவால்களாக வரைந்துவிட்டார்.

அட்டையில் உள்ள படத்தைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிக் பென் மணிக்கூண்டும் ஒரு சேவலும் ஒன்றாகிக் கிடக்கின்றன. கடிகாரத்தின் வட்ட முகம்தான் சேவலின் கண். கோண்டு ஓவியத்தில் நேரத்துக்கு அடையாளம் சேவல். லண்டன்காரர்களுக்கு மணிக்கூண்டு. இரண்டு ஊரின் காலமும் ஒரே உடம்பில். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சேவலின் உடம்பு முழுக்கச் சின்னஞ்சிறு கோடுகள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஒரு இடத்தில்கூட அவசரம் இல்லாமல். உருவத்தை இப்படிக் கோடும் புள்ளியுமாக நிரப்புவது கோண்டு ஓவியர்களின் வழக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு நிரப்பு முறை உண்டு, கையெழுத்து மாதிரி.

இதைப் 'பழங்குடி மனிதரின் வெள்ளந்திப் பார்வை' என்று சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். இது வெள்ளந்தி இல்லை, படிப்பு. பஜ்ஜு பர்தான் என்ற பிரிவில் பிறந்தவர். கோண்டுகளின் குலக்கதைகளையும் தெய்வக்கதைகளையும் 'பானா' என்ற நரம்புக்கருவியை இசைத்துப் பாடியவர்கள் பர்தான்கள். ஆதரித்த குடும்பங்கள் நொடித்துப்போனபோது பாட்டும் குறைந்தது. அந்தக் கதைகள் வண்ணமாக மாறிப் பிழைத்துக்கொண்டதற்கு ஒரு தமிழ்த் தொடர்பும் உண்டு. சிம்லாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஓவியர் ஜே. சுவாமிநாதன், 1982இல் போபாலில் திறக்கப்பட்ட பாரத் பவன் என்ற கலை மையத்துக்காகக் கிராமம் கிராமமாக ஆள் அனுப்பிக் கலைஞர்களைத் தேடினார். பாட்டன்கட்டில் ஒரு வீட்டுச் சுவரில் இருந்த ஓவியம் அந்த ஆட்களின் கண்ணில் பட்டது. வரைந்த இளைஞர் ஜன்கட் சிங் சியாம், பஜ்ஜுவின் சித்தப்பா முறை. போபாலுக்கு வந்தார். 1989இல் பாரிஸ் கண்காட்சி வரை அவர் படங்கள் போயின. 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு அடுத்த வருஷம்தான் பஜ்ஜுவின் லண்டன் பயணம். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன சொந்தக்காரர் உயிரோடு திரும்பாத வீட்டிலிருந்து இன்னொருவர் விமானம் ஏறுவது எப்படி இருந்திருக்கும் என்று நம் ஊர்ப்பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பஜ்ஜுவும் எடுத்தவுடன் ஓவியராகிவிடவில்லை. சின்ன வயதில் அம்மா வீட்டுச் சுவருக்கு வண்ணம் தீட்டும்போது, அவருக்கு எட்டாத இடங்களை இவர் தீட்டிக் கொடுப்பார். பதினாறு வயதில் அமர்கண்டக்கில் மரக்கன்று நடும் கூலி வேலை. பிறகு போபாலில் இரவுக் காவலாளி, எலக்ட்ரீஷியன். 1993இல்தான் ஜன்கட் அவரைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டார். 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பஜ்ஜுவின் உலகம் நமக்கு அந்நியமில்லை. கோண்டு மொழி நமக்கு ஒன்றுவிட்ட சொந்தம். இரண்டுக்கு ரண்ட், மூன்றுக்கு மூண்ட், நாலுக்கு நாலுங் என்பார்கள். அவர்கள் காட்டின் மகுவா மரம் நம் இலுப்பையின் உடன்பிறப்பு. நாம் கொட்டையை ஆட்டிக் கோயில் விளக்குக்கு எண்ணெய் எடுத்தோம். அவர்கள் பூவிலிருந்து சாராயம் வடித்தார்கள். பூத்த மரத்தை வௌவால் மொய்ப்பது இரண்டு ஊரிலும் ஒன்றுதான். பஜ்ஜுவின் வௌவால் படத்தைக் காட்டியதும் திண்ணையில் இருந்த பிள்ளைகள் சிரித்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சொந்த வாழ்க்கையைப் படமாகச் சொன்னவர்களில் உலகம் அறிந்த இன்னொருவர் ஈரானில் பிறந்த மர்ஜான் சத்ரபி. 1979 புரட்சியையும் ஈரான்-ஈராக் போரையும் ஒரு சிறுமியின் கண்ணால் கறுப்பு வெள்ளையில் வரைந்த அவருடைய 'பெர்செபோலிஸ்' தமிழிலும் வந்திருக்கிறது. அதில் குண்டு விழும் பக்கங்களைவிட, தினமும் காலையில் மல்லிகைப் பூவைப் பறித்து மார்க்கச்சைக்குள் போட்டுக்கொள்ளும் பாட்டிதான் எனக்கு மறக்கவில்லை. ஒரு நாட்டின் சரித்திரம் அந்தப் பாட்டியின் வாசனையோடு வந்து சேர்கிறது.

நம் பக்கம் வந்தால், தமிழ் வார இதழ்களுக்கும் ஓவியத்தில் பெரிய பரம்பரை உண்டு. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது ஓவியர் ஆதிமூலம் போட்ட கோடுகளில் கரிசல் மண்ணின் வெடிப்பே தெரிந்தது. ஆனால் கிராமத்தை நாம் வரைந்திருக்கிறோமே தவிர, கிராமம் நகரத்தை வரைந்து நாம் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் கூத்துக்கு முகவேஷம் எழுதும் கை இருக்கிறது. காஞ்சிபுரத்தில் சேலைக்கு அன்னமும் மயிலும் டிசைன் போடும் கை இருக்கிறது. மார்கழியில் வாசல் நிறையக் கோலம் போடும் கை வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்தக் கைகளிடம் சென்னையையும் ஒரகடத்தையும் நெடுஞ்சாலை டோல்கேட்டையும் வரையச் சொல்லி யாரும் தாள் நீட்டியதில்லை. வார இதழ்களும் பதிப்பகங்களும் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் படிக்கும் நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். வரும் லீவில் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுங்கள். 'பஸ் வரை' என்று சொல்லாதீர்கள். 'அந்த பஸ்ஸு உனக்கு யாரு மாதிரி?' என்று கேளுங்கள்.