தகர மூடியில் தொடங்கிய விளையாட்டு

"சுவாமி, வட்டமா ஏதும் கிடந்தா தொடாதே எண்டுதான் பிள்ளையளுக்குச் சொல்லி வளர்த்தனாங்கள். இப்ப வட்டமான தட்டை எறிஞ்சுபோட்டுத் தேடிப் போ எண்டு சொல்றீங்களே?"

இலங்கைத்துறையில் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. பாடசாலை வளவில் 'டிஸ்க் கோல்ப்' என்னும் தட்டெறி விளையாட்டுக்கு இடம் ஒதுக்கலாமா என்று பெற்றோருடன் பேசிக்கொண்டிருந்த வேளை, அவரது கேள்வி எல்லோரையும் மௌனமாக்கியது. கேள்வி நியாயமானது. ஆகவே விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு, அந்தத் தாய்க்குரிய பதிலுக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006இல் மாவிலாற்றில் மூண்ட போர் எமது மக்களை வெருகலைக் கடந்து வாகரைக்கும், பின்னர் மட்டக்களப்பு முகாம்களுக்கும் துரத்தியது. 2007 முதல் படிப்படியாகத் திரும்பியபோது வயல் பற்றைக்காடாகியிருந்தது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் பலர். அவர்களுக்கு நிலம் என்பது ஓடியாடும் இடமாக அல்ல, பார்த்துப் பார்த்துக் கால் வைக்கும் இடமாகவே பழகியது. இன்று அவர்களிற் பலர் தாய் தந்தையர். அந்தப் பயம் அவர்கள் பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

விவசாயக் கிராமத்துப் பிள்ளைகளின் கண்டுபிடிப்பு

கோல்ப் என்றதும் செல்வந்தரின் விளையாட்டே நினைவுக்கு வரும். கொழும்பில் 1879இலும், நுவரெலியாவில் 1889இலும் வெள்ளைக்காரர் கோல்ப் கழகங்களை அமைத்தனர். எமது மாவட்டத்திலும் சீனன்குடாவில் விமானப்படையின் கோல்ப் மைதானம் உண்டு. பதினெட்டுக் குழிகள் கொண்ட மைதானமொன்றுக்கு நூறு ஏக்கருக்கு மேல் தேவைப்படும். காணிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த எம்மவருக்கு அந்தக் கணக்கு கசக்கத்தான் செய்யும்.

டிஸ்க் கோல்ப் அப்படியல்ல. 1926இல் கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில், கோதுமை விளையும் பிளாட்வேர்த் என்னும் சிறு கிராமத்தில், ரொனால்ட் கிப்சன் என்ற சிறுவனும் நண்பர்களும் தமது பாடசாலை வளவின் மணற்பாங்கான இடங்களில் நான்கடி அகல வட்டங்களைக் கீறினார்கள். தகரப்பேணி மூடிகளை அந்த வட்டங்களுக்குள் விழும்படி எறிந்து விளையாடினார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'தகர மூடிக் கோல்ப்'. பணமோ பயிற்றுநரோ அவர்களுக்கு இருக்கவில்லை. மணலும் மூடியும் மாத்திரமே இருந்தன.

அரை நூற்றாண்டின் பின், 1975இல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் ஓக் குறோவ் பூங்காவில் முதலாவது நிரந்தர மைதானத்தை அமைத்தார். ஆரம்பத்தில் இலக்குகள் வெறும் கம்பங்களே. 'தட்டு கம்பத்தில் பட்டது', 'படவில்லை' என்ற வாக்குவாதம் ஓயாததால், தட்டைப் பிடித்து விழுத்தும் சங்கிலிகள் தொங்கும் கூடையை அவர் உருவாக்கினார். இன்று உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மைதானங்கள் உள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை பொதுப் பூங்காக்களில், கட்டணமின்றி விளையாடக்கூடியவை.

விளையாடும் முறை

கிட்டிப்புள் ஆடியவருக்கு இது கடினமல்ல. தொடங்கும் இடத்தில் நின்று இலக்கை நோக்கித் தட்டை எறிய வேண்டும். தட்டு விழுந்த இடத்திலிருந்தே அடுத்த எறி. இலக்கிலிருந்து மிகத் தூரத்தில் நிற்பவர் முதலில் எறிவார். எல்லா இலக்குகளையும் மிகக் குறைந்த எறிகளில் முடிப்பவரே வெற்றியாளர்.

எறிவதில் பலத்தைவிட மணிக்கட்டின் சுழற்சியே முக்கியம். சுழலும் தட்டு தடுமாறாமல் மிதந்து செல்லும். எதிர்க்காற்றில் அது மேலெழும். பின்காற்றில் சீக்கிரம் தாழும். கச்சான் வீசும் மாதங்களில் எமது பிள்ளைகள் இதைப் புத்தகமில்லாமலே படித்துக்கொள்வார்கள்.

ஓட வேண்டியதில்லை, முட்டி மோத வேண்டியதில்லை. ஆகவே ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒன்றாக ஆடலாம். போரில் கால் இழந்தவரும் ஊன்றுகோலுடன் ஆடலாம். தகப்பனும் மகளும் ஒரே ஆட்டத்தில் சேரலாம்.

எமது வளவில் அமைப்பது எப்படி?

புதியவர்களுக்கு நெடுந்தூர இலக்குகள் வேண்டாம். சிறுவர்களுக்கு நூறு முதல் நூற்றைம்பது அடி தூரமே போதும். மூன்று நான்கு ஏக்கர் வளவில் ஒன்பது குறுகிய இலக்குகளை அமைக்கலாம். வளவு சிறிதென்றால் ஐந்து இலக்குகளுடன் தொடங்குவதில் குறைவொன்றுமில்லை.

முதல் மாதம் செலவே வேண்டாம். கனடாச் சிறுவர்களைப் போல மணலில் நான்கடி வட்டம் கீறுங்கள். பிள்ளைகளுக்கு ஆர்வம் பிடித்த பிறகு, கம்பமொன்றை நட்டு அதில் பழைய பிளாஸ்ரிக் கூடையைக் கட்டலாம். தகர மூடி கையை வெட்டும். ஆகவே விளிம்பு மழுங்கிய பிளாஸ்ரிக் மூடியையோ, கடையில் விற்கும் பாரம் குறைந்த விளையாட்டுத் தட்டையோ பயன்படுத்துங்கள்.

எறியும் பாதைகள் ஒன்றையொன்று குறுக்கிடக் கூடாது. கிணறு, வகுப்பறை யன்னல், வீதி ஆகியவற்றின் பக்கம் எறியும்படி இலக்கு அமைக்கக் கூடாது. முன்னால் ஆட்கள் நின்றால், அவர்கள் விலகும்வரை எறியக் கூடாது. ஒரு இலக்கு முடியும் இடத்துக்கு அருகிலேயே அடுத்தது தொடங்கினால், சிறுவர்கள் வழிதவறாமல் செல்வார்கள்.

அந்தத் தாய்க்குப் பதில்

'ஒன்றும் நடக்காது' என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அன்று கூடியிருந்த பெற்றோர் தாமாகவே மூன்று கட்டுப்பாடுகளை முன்வைத்தார்கள்.

முதலாவது, நாளாந்தம் பிள்ளைகள் நடமாடும், பாதுகாப்பானதென உரியவர்கள் உறுதிசெய்த பாடசாலை வளவுக்குள் மாத்திரமே விளையாட்டு. பற்றைக்காட்டு ஓரத்தில் இலக்கு இல்லை.

இரண்டாவது, வெள்ளை பூசிய கற்களால் எல்லை தெரியவேண்டும். எல்லைக்கு வெளியே போன தட்டு போனதுதான். அதைத் தேடி எந்தப் பிள்ளையும் போகக் கூடாது. தட்டை மீண்டும் வாங்கலாம்.

மூன்றாவது, அறியாத பொருள் எதைக் கண்டாலும் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பெரியவரிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் இதைப் பிள்ளைகளே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஆக, அந்தத் தாய் பிள்ளைகளுக்குக் கற்பித்ததை இந்த விளையாட்டு அழித்துவிடப் போவதில்லை. அதையே விதியாக ஏற்றுக்கொள்கிறது. எங்கே கால் வைக்கக் கூடாது என்பதைக் கற்ற பிள்ளைக்கு, எங்கே தயங்காமல் நடக்கலாம் என்பதையும் நாம் காட்டிக் கொடுக்க வேண்டாமா? ஒரு காணியை மீட்பது உறுதிப் பத்திரத்தோடு முடிவதில்லை. பிள்ளைகள் அதில் பயமின்றி நடக்கும் நாளிலேதான் அது முழுமையாக எம்முடையதாகிறது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். அதிபருடன் வளவைச் சுற்றி நடந்து எல்லையைக் குறியுங்கள். பிறகு பிள்ளைகளிடம் ஒரு தடியைக் கொடுங்கள். முதலாவது வட்டத்தை அவர்களே கீறட்டும்.