மைனரிடம் கொடுக்கல் வாங்கல்: வணிகர்கள் கவனத்திற்கு

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பகுதியில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு அடிக்கடி எழும் சந்தேகம் இது. பையனுக்கு வயது பதினேழு. கம்பெனியில் பயிற்சி, கையில் உதவித்தொகை, பெற்றோரை விட்டுத் தனி அறையில் வாசம். அவனை மேஜராகக் கருதிக் கடன் கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஆனால் கோர்ட் மூலம் வசூலிப்பது கடினம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 14 வயது நிரம்பியவர், தானே சம்பாதித்துத் தனியே வாழ்வதைக் காட்டி, பெற்றோர் பொறுப்பிலிருந்து விடுபட்டவராகக் கோர்ட் உத்தரவு பெறலாம். நம் நாட்டில் அப்படி ஒரு வழியே இல்லை. 1875-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 நிரம்பினால்தான் மேஜர். சம்பளமோ, தகப்பனார் எழுதித் தரும் கடிதமோ அதை ஒரு நாள்கூட முன்னே கொண்டுவராது.

மைனர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் செல்லாது என்று மோஹரி பீபி வழக்கில் 1903-ல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. மேஜரான பின் அதே பழைய கடனுக்குப் புது நோட்டு வாங்கினாலும் பயனில்லை. அரிசி, துணி போன்ற அத்தியாவசியங்களுக்கு மட்டும் ஒப்பந்தச் சட்டம் 68-ஆவது பிரிவு கைகொடுக்கும். அதுவும் மைனரின் சொத்திலிருந்துதான். சொத்தே இல்லாத பையன் என்றால் எங்கே போவது? எனவே தவணையில் செல்போன் விற்போர், தகப்பனாரை ஜாமீனாக அல்ல, வாங்குபவராகவே போட்டு எழுதுவது நல்லது.

இதைவிடப் பெரிய ஆபத்து மனை வாங்குவதில் இருக்கிறது. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கும். விற்றவர்களில் ஒருவர் அன்றைக்கு மைனராக இருந்திருப்பார். மைனருக்குச் சொந்தமான மனையைத் தாய் தகப்பனார் விற்க, 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டம் 8-ஆவது பிரிவுப்படி கோர்ட்டின் முன் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால், மேஜரானபின் மூன்று ஆண்டுக்குள் அவர் கிரயத்தை ரத்து செய்யலாம். வழக்கே போடாமல், அதே மனையை வேறொருவருக்கு விற்றுக்கூட நிராகரிக்கலாம் என்று 2025-ல் சுப்ரீம் கோர்ட் கூறியுள்ளது. நீங்கள் கட்டிய கடையின் கதி? பிரிவினையாகாத கூட்டுக் குடும்பச் சொத்தைக் குடும்பத் தலைவர் விற்பதற்கு இப்பிரிவு பொருந்தாது என்பது 1996 தீர்ப்பு. ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரம் உண்டா, விற்போரின் பிறந்த தேதி என்ன என்று கேட்டுவிட்டே அட்வான்ஸ் கொடுக்கவும்.

சொந்த மகனைக் கடையில் கூட்டாளியாக்கும் விஷயத்திலும் ஒரு கண்ணி உண்டு. மைனரை லாபத்துக்கு மட்டுமே சேர்க்கலாம். மேஜரானதும், விலகுவதாக இருந்தால் ஆறு மாதத்துக்குள் அவர் பொது அறிவிப்பு கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால், சேர்க்கப்பட்ட நாள் முதலான கடையின் கடன்கள் முழுவதற்கும் அவரும் பொறுப்பாளியாவார்.